போன்சாய் இலை மஞ்சளானால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: ஃபைகஸ் (ஆல், அத்தி வகை) போன்சாய், வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. வீட்டுக்குள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தவறாமல் தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன. சத்துக் குறைவோ என்று உரம் போட்டதும் உதிர்வது இன்னும் கூடிவிட்டது. இது என்ன நோய், எந்த மருந்து அடிப்பது?

மருந்து எதுவும் இப்போதைக்கு வேண்டாம். உரத்தை இன்றோடு நிறுத்துங்கள். "தவறாமல் தினமும் தண்ணீர்" என்று சொல்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான் விழுகிறது. ஆனாலும் மரத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. நீங்களே பார்த்து ஒரு முடிவுக்கு வரும்படி சொல்கிறேன்.

மஞ்சள் என்பது தனி நோய் இல்லை. இலையில் பச்சையம் ஓயாமல் சிதைந்து, ஓயாமல் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். உருவாவது நின்றால் பச்சை மங்கும். அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரியும். ஏன் நின்றது என்பதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். அவற்றில் சில ஒன்றுக்கொன்று நேர் எதிர். தண்ணீர் கூடினாலும் மஞ்சள், குறைந்தாலும் மஞ்சள். உரம் இல்லாவிட்டாலும் மஞ்சள், மிஞ்சினாலும் அப்படித்தான். நிறத்தைப் பார்த்த பதற்றத்தில் கையில் கிடைத்ததைச் செய்து வைத்தால் நிலைமை மோசமாவதற்கு இதுதான் காரணம்.

முழுக்க மஞ்சளான இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது. உதிர்க்கப் போகும் இலையிலிருந்து மரம் தழைச்சத்து போன்றவற்றை முதலில் உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகுதான் காம்பைக் கழற்றும். ஆகவே நீங்கள் செய்தது பலித்ததா என்பதைப் பழைய இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அடுத்து வருகிற கொழுந்துதான் பதில் சொல்லும்.

சரி, மரத்தின் முன்னால் உட்காருங்கள். மஞ்சள் எங்கே தொடங்கியிருக்கிறது? கிளையின் உள்பக்கம், அடியில் இருக்கும் பழைய இலைகளிலா? நுனிக் கொழுந்திலா? மரம் முழுக்கவா? அல்லது ஒரே ஒரு கிளையில் மட்டுமா? ஒரு கிளை மட்டும் மஞ்சள் என்றால் தண்ணீரையும் உரத்தையும் விட்டுவிட்டு அந்தக் கிளையைத் தடவிப் பாருங்கள். வளைப்பதற்குச் சுற்றிய கம்பி பட்டைக்குள் இறங்கியிருக்கலாம், வளைத்த இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம், தண்டுத் துளைப்பான் ஓட்டை போட்டிருக்கலாம். சில மரங்களில், ஜூனிபர் என்னும் ஊசியிலை மரத்தில் குறிப்பாக, ஒரு கிளைக்கு அதன் நேர்கீழே உள்ள வேர்தான் தண்ணீர் அனுப்பும். அந்தப் பக்கத்து வேர் செத்தால் அந்தக் கிளை மட்டும் போகும்.

உங்கள் மரத்தில் உதிர்வது பரவலாக இருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் அடுத்த பார்வை இலைக்கு இல்லை, மண்ணுக்கு. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே காய்ந்து, இரண்டு விரல் ஆழத்தில் சொதசொதவென்று இருக்கும். வண்ணம் பூசாத மரக்குச்சி ஒன்றை வேரைக் கிழிக்காமல் மெதுவாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சி எதுவரை நனைந்து கறுத்திருக்கிறது, மண் ஒட்டுகிறதா, நுனியை மோந்தால் சாக்கடை வாடை வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஆன பிறகும் குச்சியின் கீழ்ப்பாதி ஈரமாகவே வந்தால் விஷயம் பாதி தெரிந்துவிட்டது.

இலையும் துப்புக் கொடுக்கும். தண்ணீர் மிஞ்சிய மரத்தில் மஞ்சள் இலை மெத்தென்று தொங்கும், விரல் பட்டாலே கழன்று விழும், சில நுனி மொட்டுகள் விரியாமலே கறுத்திருக்கும். தண்ணீர் போதாத மரத்தில் இலை ஓரம் பழுப்பாகி மொறமொறவென்று நொறுங்கும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், வேர் அழுகிய மரமும் தண்ணீர் குடிக்க முடியாமல் வாடித்தான் நிற்கும். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவோம். போன்சாய்கள் அதிகம் சாவது இப்படித்தான் என்பது என் கணிப்பு.

"தொட்டியில்தான் ஓட்டை இருக்கிறதே, மிஞ்சிய தண்ணீர் வெளியேறிவிடாதா?" என்று கேட்கத் தோன்றும். முழுக்க வெளியேறாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு ஸ்பாஞ்சை எடுத்து முழுக்க நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்சும் அதே, தண்ணீரும் அதே, உயரம்தான் மாறியது. தொட்டி மண்ணிலும் தண்ணீர் வடிந்து முடிந்த பின் அடியில் ஓர் அடுக்கு நிரம்பியே நிற்கும். அந்த அடுக்கின் கனத்தை மண் துகளின் அளவுதான் தீர்மானிக்கிறது, தொட்டியின் ஆழம் இல்லை. ஆழமான பூந்தொட்டியில் அடியில் சில சென்டிமீட்டர் நனைந்து நின்றால் மேலே வேருக்கு நிறைய இடம் மிச்சம். நாலைந்து சென்டிமீட்டரே ஆழமுள்ள போன்சாய்த் தட்டில் அதே பொடி மண்ணைப் போட்டால் கிட்டத்தட்ட முழுத் தட்டும் அந்த அடுக்குதான். காற்று நிற்க வேண்டிய துளைகளில் தண்ணீர் நிற்கிறது, வேருக்கு ஆக்சிஜன் போகவில்லை, பித்தியம், ஃபைட்டோஃப்தோரா மாதிரி நீரில் பரவும் அழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்ற யோசனை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. செய்யாதீர்கள். அந்த நனைந்த அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். போன்சாய்க்காரர்கள் தொட்டி முழுக்க இரண்டு முதல் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் குருணையாகப் போடுவது இதனால்தான். அது அகடமா என்னும் ஜப்பானியக் களிமண் குருணையாக இருக்கலாம், பியூமிஸ் கல், எரிமலைக் கல், பெர்லைட், நன்கு சுட்ட செங்கல்லை உடைத்துச் சலித்ததாகவும் இருக்கலாம். பெயரைவிடச் சலிப்பதுதான் முக்கியம். பொடியைச் சலித்து எடுக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கலவையும் கொஞ்ச நாளில் இறுகிவிடும்.

குச்சி ஈரம் காட்டினால் உடனே மண்ணை மாற்ற ஓட வேண்டியதில்லை. முதலில் தண்ணீரை மாற்றுங்கள். "தினமும்" என்ற கணக்கை மறந்துவிட்டு, மேலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை உலரத் தொடங்கியதும் மட்டும், அடி ஓட்டையில் தாராளமாக ஓடும்வரை ஊற்றுங்கள். ஊற்றிய உடனும், அடுத்து ஊற்ற வேண்டிய நேரத்திலும் தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் சீக்கிரமே கனத்தை வைத்தே சொல்லிவிடுவீர்கள். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரு பக்கமாகத் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்தால் ஸ்பாஞ்சு கதைதான், இன்னும் கொஞ்சம் வடியும். மேலோட்டமான பிரச்சினை இதிலேயே இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

அடங்கவில்லை, வாடை வருகிறது, மரத்தை லேசாக அசைத்தால் ஆடுகிறது என்றால் பிடுங்கிப் பார்த்தே ஆக வேண்டும். ஃபைகஸில் இது அவ்வளவு பயப்படும் காரியம் இல்லை. மரத்தை மண்ணோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நுனி வெளுப்பாக இருக்கும். அழுகியது கறுத்திருக்கும், இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். சுத்தமான கத்தரிக்கோலால் அழுகிய வேரை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். ஃபைகஸில் ஒரு வசதி, உயிருள்ள இடத்தை எட்டியதும் வெட்டுவாயில் வெள்ளைப் பால் கசியும். அங்கே நிறுத்தலாம். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கை கழுவிக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் சேற்று மண்ணைத் தண்ணீரில் அலசி எடுத்துவிட்டு, சலித்த குருணையில், முடிந்தால் முன்பைவிடச் சற்று ஆழமான தொட்டியில் நடுங்கள். அழகான தட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடி ஓட்டை வழியாகக் கம்பி விட்டு மரத்தை அசையாமல் கட்டுவதைத் தவிர்க்காதீர்கள். மரம் ஆடினால் புதிதாக விடும் மெல்லிய வேர்நுனிகள் ஒடிந்துகொண்டே இருக்கும்.

நட்டதும் அடியில் தெளிந்த நீர் வரும்வரை ஒருமுறை ஊற்றி, வெளிச்சம் உண்டு, நேர் வெயிலும் காற்றடியும் இல்லை என்கிற இடத்தில் வையுங்கள். ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, தினமும் சற்று நேரம் திறந்துவிட்டால் இலை வழியே நீர் இழப்பது குறையும். மிச்சமிருக்கும் பச்சை இலைகளைப் பறிக்காதீர்கள். புது வேருக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் போக வேண்டும். உரம் கூடாது. புதுக் கொழுந்து விரிந்து முற்றும்வரை, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆனாலும் சரி, காத்திருங்கள். இந்த இடைவெளியில் இன்னும் சில இலை மஞ்சளாகி விழும். வேர் குறைந்த மரம் தாங்க முடியாத இலைகளைக் கழித்துக்கொள்கிறது. அதைப் பார்த்துப் பதறி இன்னொரு தடவை பிடுங்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த அவசர வைத்தியம் எல்லா மரத்துக்கும் எல்லாக் காலத்திலும் பொருந்தாது. ஃபைகஸ் போன்ற வெப்பமண்டல மரங்களுக்கு நன்றாக வளரும் வெப்பகாலம் ஏற்றது. இலையுதிர் மரங்களுக்கு மொட்டு வீங்கி இன்னும் விரியாத இளவேனில் தொடக்கம். பைன், ஜூனிபரில் வேரை மொத்தமாக அலசி வெறுமையாக்குவது ஆபத்து.

குச்சி மாறாகக் காய்ந்தே வந்தால் என்ன? நாள்பட்டு இறுகிய, தேங்காய் நார்க்கழிவோ பீட் என்னும் சதுப்புநில மக்கோ அதிகமுள்ள மண் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றிய நீர் தொட்டியின் ஓரமாக இறங்கி ஓட்டை வழியே ஓடிவிடும். நாம் ஊற்றியதாக நினைத்துக்கொண்டிருப்போம், நடுவேர் வறண்டு கிடக்கும். தொட்டியை விளிம்புவரை நீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து வடியவிடுங்கள். இது எப்போதாவது செய்ய வேண்டியது, வழக்கமாக்கினால் மறுபடி முதல் பிரச்சினைக்கே வந்துவிடுவோம்.

இனி உரம். நீங்கள் போட்டதும் ஏன் உதிர்வு கூடியது? கெட்டுப்போன வேர் உரத்தை எடுக்காது. எடுக்காத உப்பு மண்ணிலேயே சேர்ந்து, வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும். இலை நுனி கருகி, கருகலைச் சுற்றி மஞ்சள் வளையம், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, இவை இருந்தால் உப்பு மிஞ்சிவிட்டது. தொட்டியின் கொள்ளளவைப் போல் நான்கைந்து மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி அலசிவிடுங்கள். மண் வடியும் நிலையில் இருந்தால் மட்டும் இது பலன் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே சத்துக் குறைவு என்றால் அது வேறு மாதிரி தெரியும். மரத்துக்குள் இடம்பெயரக்கூடிய சத்து குறைந்தால் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். மஞ்சள் பழைய இலையில் தொடங்கும். இலை முழுக்கச் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. வெறும் குருணையில் வளரும் போன்சாயில் இது சகஜம், ஏனென்றால் அந்தக் கலவை சத்தைப் பிடித்து வைப்பதில்லை. வேர் நன்றாக இருக்கும் மரத்துக்கு வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றினால் போதும். பழைய இலையில் நரம்பு பச்சையாகவே இருந்து நரம்புக்கு இடையில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். லிட்டருக்கு 2 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து மாலையில் இலையில் தெளித்துப் பாருங்கள்.

அதே கோலம் கொழுந்தில் வந்தால், அதாவது புது இலை வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால், அது இரும்பு. இரும்பு மரத்துக்குள் எளிதில் இடம்பெயராது, அதனால் பழைய இலை பச்சையாகவே இருக்க, புதியது மட்டும் பட்டினி கிடக்கும். முற்றினால் இலை தந்த நிறத்துக்கு வெளுத்து ஓரம் கருகும். இதில் வேடிக்கை என்னவென்றால், மண்ணில் இரும்பு இல்லாமல் போவது அரிது. இருக்கும், கரையாது. மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7-ஐத் தாண்டிக் காரமானால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். உப்புக்கறை படியும் கடின நீரை ஊற்றும்போதெல்லாம் அதிலுள்ள பைகார்பனேட் பி.எச்.ஐ மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைக்கும் பழக்கம் இங்கே உதவாது, துருவும் அதே கரையாத இரும்புதான். தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், கடினத்தன்மை போகாது.

வாங்க வேண்டியது இரும்புச் செலேட், அதாவது கரைந்தே இருக்கும்படி வேறொரு மூலக்கூறு பிடித்து வைத்திருக்கும் இரும்பு. அதிலும் வகை பார்த்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. செலேட் மலிவு, ஆனால் பி.எச். 6.5-க்கு மேல் மண்ணில் நிலைக்காது. அதை இலைவழித் தெளிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கார மண்ணில் ஊற்றுவதற்கு இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பது வேண்டும், கரைத்தால் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும், பி.எச். 9 வரை தாங்கும். அளவு பாக்கெட்டில் உள்ளபடி. கூடவே முடிந்தபோதெல்லாம் மழைநீரை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் செலேட்டைக் காலம் முழுக்க வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அஸேலியா, கார்டீனியா, காகிதப்பூ மூன்றும் இந்த விஷயத்தில் சீக்கிரம் முகம் சுளிக்கும். அதே சமயம், வேர் தண்ணீரில் மூச்சுத்திணறினாலும் இரும்பை எடுக்க முடியாமல் கொழுந்து இதே மாதிரி வெளுக்கும். ஆகவே செலேட் வாங்கும் முன்னும் அந்தக் குச்சிதான்.

பூச்சியில் மஞ்சளுக்கு முதல் சந்தேகம் செஞ்சிலந்திப் பேன். இலை ஒரேயடியாக மஞ்சளாகாமல், ஊசியால் குத்தியது மாதிரி பொடிப்பொடி வெளிர் புள்ளிகளாகத் தொடங்கி மந்தமாக மாறும். வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால், நசுக்கினால் செம்பழுப்புக் கோடு விழுந்தால், அதுதான். சூடான, வறண்ட காற்றில் இது வேகமாகப் பெருகும். இது பூச்சி இனம் இல்லை, சிலந்தி வகை. பல சாதாரணப் பூச்சிமருந்துகள் இதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று இதைப் பெருக்கிவிடும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலக்கி, முதல் தடவை ஒரு சிறு கிளையில் மட்டும் தெளித்துப் பார்த்துவிட்டு, மாலையில் தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஐந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை. இலை பிசுபிசுத்தால், எறும்பு ஏறினால் செதில் பூச்சியையோ மாவுப்பூச்சியையோ தேடுங்கள். வேரைப் பார்க்கும்போது பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சு தென்பட்டால் அது வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம். வேரோடு சேர்ந்து வாழும் நல்ல பூஞ்சை என்று சும்மா விட்டுவிட வேண்டாம்.

வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. செடிக்கடையில் நல்ல வெயிலில் வளர்ந்த ஃபைகஸை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்கிளை இலைகளை உதிர்த்தே தீரும். பழைய வெளிச்சத்துக்காக உருவான இலைகள் புது இடத்தில் கட்டுப்படியாவதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் தானாக நின்று, நுனி மொட்டு பச்சையாகக் கெட்டியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இடத்தை மாற்றி மாற்றி வைப்பதுதான் அதற்குத் தொல்லை. ஜன்னலிலிருந்து உள்ளே போகப் போக வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரிவதைவிட வேகமாகக் குறைகிறது. கண்ணாடியை ஒட்டியே வையுங்கள், ஏசி காற்று நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகவே குடிக்கும், வெயிலில் இருந்தபோது சரியாக இருந்த அதே அளவு இப்போது வெள்ளம்.

வேறு மரம் வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தை. கிங்கோ, லார்ச் இரண்டும் குளிருக்கு முன் மஞ்சளாவது அவற்றின் இயல்பு. பைனில் இரண்டு மூன்று வயதான உள் ஊசிகள் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி விழும், நுனி பச்சையாக இருந்தால் கவலையில்லை. சீன எல்ம் குளிரைப் பொறுத்து இலையைக் கொட்டும் அல்லது கொட்டாது. ஜேட் மஞ்சளாகிக் கொழகொழத்தால் தண்ணீரைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். ஜூனிபர்தான் ஏமாற்றும். அது செத்து வாரக்கணக்கான பிறகே நிறம் மாறும். வீட்டுக்குள் வைத்த ஜூனிபர் முழுக்க வெளுத்துவிட்டால் அநேகமாகச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

உங்கள் ஃபைகஸ் இலை மொத்தமும் கொட்டிவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள், முதலில் நுனிக் கிளையில், பிறகு கீழே கீழே. அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் அந்த இடம்வரை உயிர் இருக்கிறது, பழுப்பாகக் காய்ந்திருக்கும் பகுதியை வெட்டிவிடலாம். இலையே இல்லாத மரம் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் குடிக்கும், ஊற்றும்போது இதை நினைவில் வையுங்கள். பச்சை தெரியும் கிளைகளில் பென்சில் கனமுள்ள ஒன்றிரண்டை இப்போதே வெட்டி, பால் வடிவது நின்றதும் ஈரமான பெர்லைட்டில் செருகி, மேலே பையைக் கவிழ்த்து வையுங்கள். ஃபைகஸ் குச்சியிலிருந்து சுலபமாக வேர் விடும். தாய்மரம் பிழைக்காவிட்டாலும் அதே மரத்தின் கன்று கையில் இருக்கும்.